அமலி அக்கா பார்த்த செவுள்

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி கழிந்தும் எங்கள் சாலையில் மீன்காரி கூவும் சத்தம் கேட்கவில்லை. மழையில்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. எட்டு மணிக்கு நானே கைப்பேசியில் அழைத்தேன். எடுத்தது அமலி அக்காவின் மகள் ஜெசிந்தா. "அம்மா இறந்துட்டா டீச்சர். விடியக்காலம் ஏலத்துக்குப் போவ எழும்பினா. நெஞ்சு அடைக்குதுன்னு சொல்லிட்டு சுவரப் பிடிச்சு இருந்தா. பொறவு எழும்பல்ல" என்றாள். மாலை நாலு மணிக்கு அடக்கம் என்றும் சொன்னாள். முந்தின நாள் காலையில்தான் நெத்திலிக் குழம்புக்கு மாங்காய் போடுவதா புளி ஊற்றுவதா என்று என்னோடு கால்மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டுப் போயிருந்தார். போனை வைத்துவிட்டேன்.

அமலோற்பவம் என்ற முழுப்பெயர் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. அருமனையிலிருந்து பிரிந்து போகும் இந்தச் சாலையில், ரப்பர் தோட்டத்து வளைவிலிருந்து குருசடி வரைக்கும், நமக்கெல்லாம் அவர் மீன்காரி அமலி. மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். அங்கே ஏலத்தில் மீன் எடுத்து, நாலைந்து பெண்களோடு டெம்போவில் வந்து, வளைவில் இறங்கி, அலுமினியச் சருவத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடப்பார். பதினைந்து வருடம் நடந்தார். அவரிடம் மீன் வாங்கித் தின்றவர்கள் படிக்கத்தான் இதை எழுதுகிறேன். அவரை நான் எப்படி நடத்தினேன் என்பதையும் சேர்த்தே எழுதப்போகிறேன். இல்லாவிட்டால் அவர் யார் என்று சொன்னதாக ஆகாது.

நான் முப்பத்து மூன்று வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். என் குரல் எப்படிப்பட்டது என்று இந்தச் சாலைக்கே தெரியும். அமலி அக்காவின் குரலும் லேசுப்பட்டதல்ல. மீனை எடுத்து மோந்து பார்க்கிறவர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. "மூக்க நம்பாதிய. உங்களுக்கு சளி பிடிச்சிருந்தா எனக்க மீன் என்ன செய்யும்? செவுள பாருங்க" என்பார். கட்டைவிரலால் அயிலையின் செவுளைத் தூக்கிக் காட்டுவார். உள்ளே செக்கச்சிவப்பாக இருக்கும். எப்போதாவது ஒன்று காப்பி நிறத்தில் தட்டுப்பட்டால், வாங்குகிறவர் கவனிக்கும் முன்பே அதை எடுத்துத் தனியாகப் போட்டுவிடுவார். "இது வேண்டாம். உங்க தென்னைக்கு மூட்டுல குழிச்சுப் போடுங்க" என்று சும்மா தந்துவிட்டுப் போவார். என் தென்னைகள் காய்த்ததில் அவருக்குப் பங்கு உண்டு.

இவ்வளவு நல்ல மனுஷியைப் பதினொரு வருடம் நான் வாசல் படிக்கு மேலே ஏற்றியதில்லை. உட்காருங்கள் என்று சொன்னதில்லை. என்னைவிட ஆறு வயது மூத்தவரை "நீ" என்றே பேசினேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லித் தரவில்லை. நம் வீடுகளில் மீன்காரியிடம் அப்படித்தான் பேசுகிறோம், நானும் பேசினேன். அவர் என்னை ஒருநாளும் "டீச்சரே" தவிர வேறு சொல்லால் கூப்பிட்டதில்லை. கணவர் இறந்து, மகன் பெங்களூருக்குப் போய், நானும் பணி ஓய்வு பெற்றபின், காலை ஏழரைக்கு வாசலில் நடக்கிற அந்தப் பேச்சுதான் பல நாட்களில் என் வீட்டில் நடந்த ஒரே பேச்சு. அதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவரை வீட்டுக்குள் வரவைத்தது ஒரு மீன்தொட்டி. நான் ஓய்வு பெற்ற வருடம் மகன் மார்த்தாண்டத்துக் கடை ஒன்றில் சொல்லி இரண்டடித் தொட்டி ஒன்றை அனுப்பினான். கூடவே நாலு தங்கமீன்களும் ஒரு பிளாஸ்டிக் பையில் வந்தன. முன்னறையில், வாசலுக்கு நேராக வைத்து விளக்கைப் போட்டேன். மறுநாள் காலை அமலி அக்கா படியில் நின்றபடி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"டீச்சரே, அது என்ன, மீனா?"

"மீன்தான். வளர்க்கிற மீன்."

"நான் கொஞ்சம் உள்ள வந்து பாக்கட்டா?"

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. முற்றத்துக் குழாயில் காலைக் கழுவி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். "மேலெல்லாம் மீன் நாறும்" என்று அவரே சொல்லிக்கொண்டு, தொட்டியிலிருந்து இரண்டு முழம் தள்ளி நின்றார். தலையைச் சாய்த்து மீன்களையே பார்த்தார். பிறகு, "இது மூச்சு விடுததை இப்பதான் பாக்கேன்" என்றார். அவர் போனபின் நான் ஃபினாயில் போட்டுத் தரையைத் துடைத்தேன். எழுதக் கூசுகிறது, ஆனாலும் துடைத்தேன்.

அன்று முதல் தினமும் வந்து பார்த்தார். மீன் தீனி டப்பாவைத் திறந்து மோந்துவிட்டு ஒருநாள் சிரித்தார். "இது எங்க ஊரு வாசனையாக்கும். வலையில விழுத பொடிமீனு, கழிவுமீனு ஒக்க காயவச்சு லாரியில ஏத்திட்டுப் போவாவ. எங்க போவுதோன்னு நெனப்பேன். சுத்தி சுத்தி உங்க முன்னறைக்கு வந்திருக்கு, பாத்தியளா." தொட்டியில் இருப்பதை உங்கள் பிள்ளைகள் என்பார். "உங்க பிள்ளியளுக்கு இண்ணைக்கு சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் சருவத்து மூடியைத் திறப்பார்.

புதுத் தொட்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி சொல்கிறேன். மீன் கழிப்பதிலிருந்து தண்ணீரில் அம்மோனியா சேரும். அது மீனுக்கு விஷம். அதை நைட்ரைட்டாக மாற்றுகிற நுண்ணுயிர்கள் பில்டர் பஞ்சில் மெல்ல வளர வேண்டும். நைட்ரைட்டும் விஷம்தான். அதையும் கேடு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிற இன்னொரு கூட்டம் அதற்குப் பின்னால்தான் வளரும். எல்லாம் கூடிவர ஆறு வாரம் ஆகும். மீனை விடுவதற்கு முன்பே இதைச் செய்து முடிப்பதுதான் முறை. மகன் மீனையும் சேர்த்தே அனுப்பிவிட்டதால், அந்த ஆறு வாரமும் தினம் கால்பங்குத் தண்ணீரை மாற்றித்தான் அதுகளைக் காப்பாற்ற வேண்டும். கிணற்றிலிருந்து கோரி முந்தின நாளே டிரம்மில் நிறைத்து வைத்த தண்ணீர் வேண்டும்.

எனக்கு இது வகுப்பெடுப்பது போல இருந்தது. டெஸ்ட் கிட் வாங்கினேன். அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். தேதி, நேரம், அம்மோனியா, மாற்றிய வாளி எண்ணிக்கை. காலையில் சோதனைக்குழாயில் துளி விட்டு நிறத்தைப் பார்ப்பேன். முதலில் பச்சை, பிறகு இளம்பச்சை, மூன்றாவது வாரம் நல்ல மஞ்சள். மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை. எனக்கு ஏறிய பெருமை கொஞ்சமல்ல. மகனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். ஆறு வாரம் என்று கடைக்காரர் சொன்னதை மூன்று வாரத்தில் முடித்துவிட்டேன் என்று நினைத்துத் தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினேன். முதுகுவலியும் இருந்தது, சாக்கும் கிடைத்தது. கிட்டில் நைட்ரைட்டுக்கென்று இருந்த இரண்டாவது குப்பியை நான் திறக்கவே இல்லை. பத்து மாணவிகள் இந்தத் தவறைச் செய்திருந்தால் பத்துப் பேரையும் பெஞ்சில் ஏற்றியிருப்பேன்.

நிறுத்தி மூன்றாம் நாள், அமலி அக்கா தொட்டியை மேலிருந்து குனிந்து பார்த்தார். பெரிய மீன் ஒன்று, வால்நுனி வெள்ளையாக இருந்தது, தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"டீச்சரே, இதுக்கு செவுளு சரியில்ல."

"என்ன சரியில்ல?"

"காப்பி நெறமாட்டு இருக்கு. எனக்க சருவத்துல இந்த நெறத்துல ஒண்ணு கெடந்தா நான் விக்கமாட்டேன். உசிரோட இருக்குத மீனுக்கு செத்த மீனுக்க செவுளு."

நான் அட்டவணையைக் காட்டினேன். மஞ்சள் குழாயைக் காட்டினேன். "அளவெல்லாம் சரியா இருக்கு அமலி. நீ பார்க்கிறது வெளிச்சத்தில அப்படித் தெரியுது" என்றேன். அவர் குழாயையும் பார்த்தார், மீனையும் பார்த்தார். "உங்களுக்கு தெரியாததா" என்று சொல்லிவிட்டுச் சருவத்தைத் தூக்கிவிடச் சொன்னார். நைட்ரைட் ஏறினால் ரத்தம் பழுப்பாகும், செவுளும் பழுப்பாகும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அதைப் படித்த நான் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன், படிக்காத அவர் செவுளைப் பார்த்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் நாலு மீனும் மேலே வந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. வெள்ளைவால் தலைகீழாகச் சாய்வதும் நிமிர்வதுமாக இருந்தது. அமலி அக்கா அப்போதுதான் வந்து சருவத்தைப் படியில் இறக்கினார். டிரம்மில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, நான்தான் மாற்றுவதை நிறுத்தியிருந்தேனே. "பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் கிணற்றுக்கு ஓடினேன். இரண்டு வாளி கோரிக்கொண்டு திரும்பி வந்தால், தொட்டிக்குள் ஐஸ் மிதக்கிறது. சருவத்தில் மீனுக்கு மேலே போட்டிருந்த ஐஸை இரண்டு கை அள்ளித் தொட்டியில் போட்டிருக்கிறார். சாளைச் செதில் ஒட்டிய ஐஸ். வெள்ளைவால் அடியில் போய்ப் பக்கவாட்டில் கிடந்தது. செவுள் ஒருமுறை திறந்தது, பிறகு திறக்கவில்லை.

"கெட்டுப்போவாம இருக்கட்டும்னு போட்டேன் டீச்சரே" என்றார். குரல் மிகச் சின்னதாக இருந்தது.

அன்று என் சத்தம் உங்களில் சிலருக்குக் கேட்டிருக்கும். கேட்காதவர்களுக்காக எழுதுகிறேன். "கெட்டுப்போகாம இருக்கிறதுக்கு இது என்ன செத்த மீனா? கொலைகாரி. நீ தொட்ட மீன் எதாவது உயிரோட இருந்திருக்கா? இறங்கு, என் வீட்டை விட்டு இறங்கு" என்றேன். அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினார். மீன் சருவத்தைத் தலைக்கு ஏற்ற இன்னொரு கை வேண்டும். எந்த வீட்டில் இறக்குகிறாரோ அந்த வீட்டுக்காரர் பிடித்துத் தூக்கிவிடுவதுதான் வழக்கம். நான் அசையவில்லை. அவரே குனிந்து முழங்காலில் ஏற்றி, அங்கிருந்து தோளுக்கு ஏற்றி, தோளிலிருந்து தலைக்குக் கொண்டுபோனார். ஐஸ் தண்ணீர் அவர் கழுத்து வழியாக ஒழுகியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த ஆத்திரத்தோடுதான் இரண்டாவது குப்பியைத் திறந்தேன். ஐஸால்தான் செத்தது என்று எனக்கே நிரூபித்துக்கொள்ள வேண்டியிருந்தது. துளி விட்டதும் குழாய் அடர்ந்த ஊதா நிறத்துக்கு மாறியது. கிட்டோடு வந்த நிற அட்டையில் அதற்கு மேல் நிறமே கிடையாது. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஐஸ் போட்டது தப்புதான், அதில் சந்தேகமில்லை, குளிர் திடீரென்று இறங்கினால் மீன் தாங்காது. ஆனால் அது செத்துக்கொண்டிருந்தது ஐந்து நாளாக. கொன்றது யார் என்று சுவரில் என் கையெழுத்திலேயே ஒட்டியிருந்தது. தண்ணீர் மாற்றிய கட்டத்தில் ஐந்து நாளும் கோடு போட்டிருந்தேன்.

மிச்ச மூன்றையும் காப்பாற்ற வெறிபிடித்தவள் போல வேலை செய்தேன். தினம் பாதித் தண்ணீர், காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். கல்லுப்பைக் கரைத்து அளவோடு சேர்த்தேன், உப்பு இருந்தால் நைட்ரைட் ரத்தத்தில் ஏறுவது மட்டுப்படும். நாலாம் நாள் அதுகள் கீழே இறங்கி நீந்தத் தொடங்கின. மகனிடம் சொன்னேன், நல்லது அம்மா என்றான். அதைச் சொல்ல வேண்டிய ஆள் அவனில்லை என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

அமலி அக்கா வரவில்லை. சாலைக்கு வந்தார், என் வாசலுக்கு வரவில்லை. எதிர்வீட்டில் இறக்குவார், அடுத்த வீட்டில் இறக்குவார். என் கேட்டை நெருங்கும்போது கூவலை நிறுத்துவார், கடந்தபின் தொடங்குவார். அந்தப் பத்தடி மௌனத்தை ஏழரை மணிக்கு உள்ளே இருந்து கேட்பேன். வெளியே போய் ஒரு வார்த்தை பேசினால் முடிந்தது. ஆனால் மன்னிப்பு என்ற சொல்லை நான் வாங்கியே பழகியவள். மூன்று வாரம் மீன் இல்லாமல் சமைத்தேன். அதைவிட மோசம், மூன்று வாரம் யாரோடும் பேசாமல் சமைத்தேன். மூன்றாவது வாரக் கடைசியில் கூவலும் நின்றது. வளைவில் இறங்கிய இன்னொரு மீன்காரப் பெண்ணிடம் கேட்டதற்கு, "அமலி மைனி இந்தப் பக்கம் இனி வரல்லன்னு சொல்லிட்டாவ, திங்கச்சந்தைப் பக்கம் போறாவ" என்றாள்.

மறுநாள் இரண்டு பஸ் மாறிப் போனேன். கோயில் பக்கத்தில் கேட்டதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். அப்போதுதான் சந்தையிலிருந்து திரும்பியிருந்தார். வாசலில் குத்தவைத்துச் சருவத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"டீச்சரே, நிங்க எதுக்கு இஞ்ச வந்திய? இரிங்க, இரிங்க. ஜெசிந்தா, அந்தக் கசேரிய எடுத்துப் போடு."

பதினொரு வருடம் நான் செய்யாததை அவர் ஒரு நிமிடத்தில் செய்தார். நான் உட்காரவில்லை. வழியெல்லாம் பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த வாக்கியம் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. ஜெசிந்தா கசேரியைப் போட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்க உள்ளே போனதும், "என்ன மன்னிச்சிரு" என்று தொடங்கி, அது சரியில்லை என்று பட்டு, "மன்னிச்சிருங்க அக்கா. மீன் செத்தது உங்களால இல்ல. நான் வெள்ளம் மாத்தாததாலதான். நீங்க சொன்ன அந்தச் செவுள் சரி" என்றேன். அவர் ஈரக் கையோடு என்னையே பார்த்தார்.

"மத்த மூணும் இருக்கா?"

"இருக்கு."

"செவுளு?"

"செவப்பாத்தான் இருக்கு."

"அப்பம் நாளைக்கு வாறேன்" என்றார்.

கோபத்தினால் வரவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சாயா குடிக்கும்போது அவரே சொன்னார். "கோவமொண்ணும் இல்ல டீச்சரே. எனக்கு பேடியாட்டுப் போச்சு, பயந்துட்டேன். அறியா வயசிலேர்ந்து மீனு தொடுதேன். நான் கண்டதெல்லாம் செத்ததாக்கும். சாவுதத கண்டது அண்ணைக்குத்தான். அதுவும் எனக்க கையால. உங்க வாசலப் பாத்தா அந்த மீனுக்க வாயி ஞாபகம் வரும்."  உப்புப் போட்டு மற்றதைக் காப்பாற்றிய கதையைச் சொன்னேன். அதைக் கேட்டதும்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது. "ஐஸு தீந்தா அடுத்தது நான் உப்பத்தான் போட்டிருப்பேன். ஐஸு இல்லன்னா உப்பு, அதாக்கும் எங்க படிப்பு. கொஞ்சம் முந்தி ஐஸு தீந்திருக்கப்பிடாதா" என்று தொடையில் தட்டிக்கொண்டார்.

அதன்பின் நாலு வருடம். காலையில் வந்து, கையைக் கழுவி, முதலில் தொட்டியைப் பார்ப்பார். "செவப்பு" என்று ஒரே வார்த்தை சொல்வார், அதன்பின்தான் எனக்கு மீன். தண்ணீர் மாற்றுகிற நாட்களில் என் முதுகை நம்பாமல் அவரே இரண்டு கையிலும் வாளி தூக்குவார். ஊற்றுவதற்கு முன் கையை விட்டுப் பார்த்து, "குளிருதா?" என்று மீனிடமே கேட்பார். பஞ்சைக் கழுவ நான் எடுத்தால் பிடுங்கிக்கொள்வார், தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும் என்று நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்வார். "உங்களுக்கு அழுக்கக் கண்டா கை நிக்காது டீச்சரே. இதுல உசிரு இருக்குன்னு நிங்கதான சொன்னிய." இப்போது அது மூன்றடித் தொட்டி. மூன்று மீனும் உள்ளங்கை நீளம் வளர்ந்துவிட்டன. வீட்டுக்குள் நடமாட இன்னொரு ஆள் இருக்கிறார் என்ற எண்ணத்தோடு நான் நாலு வருடம் காலையில் கண்விழித்தேன். அது எவ்வளவு பெரிய காரியம் என்று தனியாக இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மதியம் அதே இரண்டு பஸ். வீட்டு முன்னால் தார்ப்பாய்ப் பந்தலில் பெட்டியை வைத்திருந்தார்கள். வெள்ளைச் சேலை, கையில் செபமாலை. பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஜெசிந்தா என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். "அருமனை டீச்சர்" என்றுதான் சொன்னாள். அவ்வளவுக்குள் பெண்களிடையே ஒரு சலசலப்பு. "அமலிகிட்ட மன்னிப்பு கேக்க வந்தாளே, அந்த டீச்சரா?" என்று ஒருவர் கேட்டார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. கொலைகாரி என்று நான் சொன்னது இந்தக் கரை முழுக்கத் தெரியும், இவர்கள் நடுவில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

அமலி அக்காவின் தங்கை என் பக்கமாகச் சாய்ந்தார். "டீச்சரே, சாவு வீட்டுல கேக்கப்பிடாது. ஆனாலும் கேக்கேன். எனக்க அக்காகிட்ட நிங்க என்னத்துக்கு மன்னிப்பு கேட்டிய? நாலு வருசமாட்டு கேக்கோம். சொல்லமாட்டேன்னுட்டா."

ஏதாவது ஒன்றைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். மீனில் குறை சொன்னேன் என்றோ, பேச்சு வார்த்தையில் ஏதோ ஆகிவிட்டது என்றோ சொன்னால் நம்பியிருப்பார்கள். பெட்டிக்குள் அந்த முகத்தைப் பார்த்தபோது முடியவில்லை. தொட்டி, ஐஸ், வெள்ளைவால், எல்லாவற்றையும் சொன்னேன். கொலைகாரி என்று சொன்னதைச் சொன்னேன். நீ தொட்ட மீன் எதாவது உயிரோடு இருந்திருக்கிறதா என்று கேட்டதையும், சருவத்தைத் தூக்கிவிடாமல் நின்றதையும் சொன்னேன். பெண்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஜெசிந்தா என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒரு மீனுக்கா, டீச்சர்?" என்றாள்.

யாரோ ஒருவர் முந்தானையால் வாயைப் பொத்தினார். அடுத்தவருக்கும் அடக்க முடியவில்லை. அமலி அக்காவின் தங்கை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், சிரித்தபடியே பெட்டியின் விளிம்பைத் தட்டி, "ஏட்டி அக்கா, ஒரு மீனுக்காக்கும்" என்று சொல்லி, அப்படியே அழுகையில் போய் விழுந்தார். நானும் அழுதேன். ஜெசிந்தா என் முதுகைத் தடவிக்கொண்டே, "அம்மா இதொண்ணும் சொன்னதில்ல. 'அருமனையிலேர்ந்து ஒரு டீச்சரு ரெண்டு பஸ் மாறி வந்து எனக்கிட்ட மன்னிப்பு கேட்டா'ன்னு மட்டும் சொல்லுவா. ஏலத்துல சொல்லுவா, கல்யாண வீட்டுல சொல்லுவா. எதுக்குன்னு கேட்டா, 'அது எங்களுக்குள்ள'ம்பா" என்றாள்.

என் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லை அமலி அக்கா தன் ஊருக்கு எடுத்துப்போகவே இல்லை. நான் அதற்காகப் போய் நின்றதை மட்டும் நாலு வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். அந்தக் கரையில் எனக்கு ஒரு நல்ல பேர் இருந்திருக்கிறது, அவர் உண்டாக்கி வைத்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பேர்தான். அதற்கு நான் தகுதியில்லை என்பதால்தான் அவர் சொல்லாமல் விட்ட பாதியையும் உங்களிடம் சொன்னேன்.